எல்லைக்கல்லைப் பெயர்க்காதே



இத்திங்கள் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டே இப்பகுதியைத் தொடங்க வேண்டியவனாயிருக்கிறேன். மாதந்தோறும் பிறருக்கு அறிவுரை கூறப் பேனா பிடிக்கும் கை, இம்முறை தன் மார்பில் தட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

கரும்பு அரவைக் காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நிகழ்ந்தது இது. காலைத் திருப்பலிக்குச் சற்றுத் தாமதமாகப் புறப்பட்டேன். கோவில் வளாகத்தினுள் காரை நிறுத்த இடம் இருந்தது. ஆனால் பூசை முடிந்து எல்லாரும் ஒருசேர வெளியேறும்போது நெரிசலில் காத்திருக்க வேண்டுமே என்ற சோம்பலினால், சாலையோரத்திலேயே நிறுத்திவிட்டு உள்ளே சென்றேன். சாலையின் விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு வெள்ளைக்கோடு இழுத்திருக்கிறார்களல்லவா? அந்தக் கோட்டிற்கு அப்பால் பாதி தாரிலும் பாதி மண்ணிலுமாக என் கார் நின்றது. முன் ஏர் போன வழியே பின் ஏர் போகும் என்பார்கள். என் காரைக் கண்டவர்கள் அதன் பின்னே தத்தம் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள்.

பூசை முடிந்து வெளியே வந்து நின்றோம். கச்சிராயபாளையத்துப் பக்கமிருந்து பள்ளி மாணவி ஒருத்தி, அரசு வழங்கிய மிதிவண்டியில் வந்துகொண்டிருந்தாள். அவள் வழக்கமாகச் செல்லும் ஓரத்தை எங்கள் கார்கள் அடைத்திருந்தபடியால், சாலையின் நடுப்பக்கம் ஒதுங்கினாள். பின்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். ஓட்டுநர் ஒலி எழுப்பினார். பிள்ளை திடுக்கிட்டாள், கைப்பிடி ஆடியது, விழுந்தாள். டிராக்டர் ஓட்டுநர் விழிப்பானவராதலின், அவளுக்குச் சில அடி தொலைவில் வண்டியை நிறுத்திவிட்டார். அந்தச் சில அடிகள்தாம் எனக்கும் வாழ்நாள் துயரத்துக்கும் இடையே நின்றவை.

ஓடிச் சென்று தூக்கினோம். முழங்காலும் முழங்கையும் உராய்ந்து இரத்தம் கசிந்தது. புத்தகங்கள் சாலையில் சிதறிக் கிடந்தன. பிள்ளையோ தன் காயத்தைப் பாராமல், மிதிவண்டியின் சங்கிலி கழன்றுவிட்டதா என்றே முதலில் பார்த்தாள். பிறகு என்னை நோக்கி, “பரவாயில்லைங்க ஐயா, நான்தான் பார்த்து வந்திருக்கணும்” என்றாள்.

தன் பாதையில் வந்தவள் பொறுத்தருளக் கேட்கிறாள். அந்தப் பாதையை அடைத்தவன் பொறுத்தருள்பவன்போல் நிற்கிறேன். அன்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்ல வேண்டியதை, இன்று உங்கள் எல்லார் முன்னும் சொல்கிறேன்.

வண்டி உண்டு, வழி இல்லை

நம் தமிழகத்தில் மேல்நிலை வகுப்பு மாணவருக்கு அரசே மிதிவண்டி வழங்குவதை அறிவீர்கள். 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வகுப்பு மாணவியர்க்கெனத் தொடங்கிய திட்டம் அது. சில ஆண்டுகளில் பிற வகுப்பினர்க்கும் மாணவர்க்கும் விரிந்தது. இன்று ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான பிள்ளைகள் அவ்வண்டிகளைப் பெறுகிறார்கள். கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர்களிலிருந்து பேருந்துக்குக் காத்திராமல் ஒரு பெண்பிள்ளை பள்ளிக்குச் சென்று மீள்வது எத்தகைய விடுதலை என்பதை, அவளைப் பெற்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆயினும் வண்டியைக் கொடுத்த நாம் வழியைக் கொடுத்தோமா? 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அலுவலகங்கள் பெருகின, கார்களும் பெருகின. உளுந்தூர்ப்பேட்டைக்கும் சேலத்துக்கும் இடையே விரையும் பேருந்தும் சரக்குந்தும் ஒருபுறம்; அரவைக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டுக்கும் கச்சிராயபாளையத்துக்கும் கரும்பு சுமந்து செல்லும் வண்டிகள் மறுபுறம். இவற்றுக்கிடையே மிதிவண்டிப் பிள்ளைக்கு மிஞ்சியது அந்த வெள்ளைக்கோட்டிற்கு அப்பாற்பட்ட ஓரம் ஒன்றே. பெருநகரங்களில் மிதிவண்டிக்கெனத் தனிப்பாதை அமைப்பதைக் குறித்துப் பேசுகிறார்கள். நம் ஊரில் அவ்வோரந்தான் தனிப்பாதை. அதன்மேல்தான் நான் காரை நிறுத்தினேன்.

இவ்விடத்தில் பழைய நினைவொன்று எழுகிறது. முன்னாளில் மிதிவண்டிக்கும் ஆண்டுவரி உண்டு. வரி கட்டி, அதற்கு அடையாளமாகத் தரும் வில்லையை வண்டியில் பொருத்திக்கொள்ள வேண்டும். வில்லை இல்லையேல் குற்றம். இரவில் விளக்கு இல்லையேல் குற்றம். இருவர் ஏறிச் சென்றால் குற்றம். மிதிவண்டிக்காரன் செய்யும் சிறு பிழைக்கெல்லாம் அவனை நிறுத்திக் கேட்ட சமுதாயம், அவன் வழியை அடைத்து நிற்கும் காரை நிறுத்திக் கேட்பதில்லை. எளியவன் பிழை கண்ணுக்குத் தெரிகிறது. வலியவன் பிழை வழக்கமாகிவிடுகிறது.

அண்டை நகரம் கற்றுத் தரும் பாடம்

நம்மவர் பலர் பிழைப்பு நாடிச் சென்றுள்ள பெங்களூரில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அங்கே ஜெயநகர்ப் பகுதியில் 2012ஆம் ஆண்டில் மிதிவண்டிக்கெனப் பாதைகள் ஒதுக்கினார்கள். நோக்கம் நல்லது. ஆனால் காரைத் தடுக்கும் வலுவான தடை ஏதும் இல்லாமையால், நாளடைவில் அவை கார் நிறுத்தும் இடங்களாயின. பாதை இருந்தது, பயணி அதில் செல்ல முடியவில்லை.

பெருந்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில், அந்நகரின் வெளிவட்டச் சாலையில் வேறொரு முயற்சி செய்தார்கள். வெறுங்கோட்டோடு நில்லாமல், வரிசையாகத் தடுப்புக் கம்பங்களை நட்டு மிதிவண்டிப் பாதையைப் பிரித்தார்கள். கம்பம் நின்றவிடத்துக் கார் நுழையவில்லை. ஆனால் கம்பங்களின் இடைவெளியில் இருசக்கர மோட்டார் வண்டிகள் நுழைந்தன. கம்பங்கள் பலவிடங்களில் இடிபட்டுச் சாய்ந்தன. பின்னர் மெட்ரோ இரயில் கட்டுமானப் பணியும் சேர்ந்துகொண்டது.

இதன் சூட்சுமம் நம் நாட்டுப்புறத்தாருக்குப் புதிதன்று. தோப்பு வாயிலிலும் கிணற்றடி வழியிலும் முன்னோர் இரண்டு கல்லை நெருக்கமாக நட்டு வைப்பார்கள். ஆள் நுழையலாம், மாடு நுழையாது. மிதிவண்டியின் கைப்பிடி ஏறத்தாழ இரண்டடி அகலம். கார் ஐந்தடிக்கும் மேல். நான்கடி இடைவெளி விட்டுக் கல் நட்டால் மிதிவண்டி எளிதாகச் செல்லும். கார் வெளியே நிற்கும். அத்தனை எளிய வித்தை அது. பல்லாயிரம் அறிவிப்புப் பலகைகள் செய்யாததை நான்கு குத்துக்கற்கள் செய்துவிடும்.

ஆனால் கல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. ஸ்கூட்டரின் கைப்பிடியும் மிதிவண்டியின் கைப்பிடியும் ஏறக்குறைய ஒரே அகலம். காரைத் தடுக்கத் தெரிந்த கல்லுக்கு ஸ்கூட்டரைத் தடுக்கத் தெரியாது. ஆகவே, ‘கார் வைத்திருக்கும் பணக்காரருக்கு இது நல்ல பாடம்’ என்று நம்மில் யாரும் ஒதுங்கிக்கொள்ள இயலாது. நம் பங்கில் பெரும்பாலான வீடுகளின் வாயிலில் இருசக்கர வண்டி நிற்கிறது. கல் தடுக்காத இடத்தில் தடுக்க வேண்டியது மனச்சான்று.

நாபோத்தின் தோட்டம்

‘அந்த ஓரம் பெரும்பொழுதும் காலியாகத்தானே கிடக்கிறது? எப்போதோ வரும் ஒரு மிதிவண்டிக்காக இடத்தை வீணடிப்பதா?’ என்று கேட்பார் உண்டு. நானும் மனத்துள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். கோவிலின் நடுப்பாதையும் பெரும்பொழுது காலியாகத்தான் கிடக்கிறது. யாரும் அதில் நாற்காலி போடுவதில்லை. மருத்துவமனையின் அவசர வாயிலும் அவ்வாறே. மேலும், பிள்ளைகள் அவ்வோரத்தில் குறைவாக வருவதற்குக் காரணம் என்ன? அங்கே வரப் பெற்றோர் அஞ்சுகிறார்கள் என்பதுமன்றோ? வழியை அடைத்துவிட்டு, வருவார் இல்லையே என்பது நியாயமாகுமா?

தலைநகர் டில்லியில் இதே கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. அங்கே அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தொலைவுக்குப் பேருந்துக்கு நடுவில் தனிவழியும், மிதிவண்டிக்கும் நடப்போர்க்கும் ஓரத்தில் தனிவழியும் பிரித்து 2008இல் திறந்தார்கள். தங்களுக்கு இடம் சுருங்கிவிட்டதென்று கார் வைத்திருப்போர் கொதித்தெழுந்தனர். பேருந்து வழியில் கார்களையும் விட வேண்டும் என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. 2012இல் டில்லி உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை. பின்வந்த அரசு அத்தனிவழியை நீக்க 2015இல் முடிவுசெய்து, அடுத்த ஆண்டு அதை அகற்றத் தொடங்கியது.

அத்திட்டத்தின் அமைப்பில் குறைகளும் இருந்திருக்கலாம். ஆயினும் பரந்த அரண்மனையில் வாழ்ந்த ஆகாபு மன்னன், பக்கத்திலிருந்த நாபோத்தின் சிறு திராட்சைத் தோட்டத்தைக் கீரைக்கொல்லையாக்க விரும்பி உணவு கொள்ளாமல் படுத்துக்கிடந்த கதை, இச்செய்தியைப் படிக்கையில் என் நினைவுக்கு வந்தது. சாலை முழுதும் காருக்கு உண்டு. ஓரத்து நான்கடியும் வேண்டும் என்பது தேவையா, ஆசையா?

ஒரு தந்தையின் கண்ணீர்

இது முடியாத காரியம் என்று சோர வேண்டியதில்லை. மிதிவண்டியின் நாடு என்று இன்று உலகம் போற்றும் நெதர்லாந்தை எண்ணிப் பாருங்கள். அந்நாடும் ஒரு காலத்தில் காரின் மயக்கத்தில் வீழ்ந்திருந்தது. 1971ஆம் ஆண்டில் மட்டும் அச்சிறு நாட்டின் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பள்ளிக்கு மிதிவண்டியில் சென்ற தம் சிறு மகளை விபத்தில் இழந்த பத்திரிகையாளர் ஒருவர், கத்தோலிக்க மரபில் வளர்ந்த ‘டெ டைட்’ என்னும் நாளிதழில் 1972இல் தம் துயரத்தையும் சினத்தையும் எழுதினார். ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற பொருள்படும் பெயரோடு ஓர் இயக்கம் பிறந்தது. தாய்மாரும் தந்தைமாரும் பிள்ளைகளோடு தெருவில் அமர்ந்தனர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, அரசே ஞாயிற்றுக்கிழமைகளில் காரோட்டத்தை நிறுத்தி வைத்தது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் குழந்தைகள் மிதிவண்டி ஓட்டி மகிழ்ந்தனர். 1970களின் நடுவில் தி ஹேக், டில்பர்க் ஆகிய நகரங்களில் பிரிக்கப்பட்ட மிதிவண்டிப் பாதைகள் முன்மாதிரியாக அமைந்தன. இன்று அந்நாட்டு மக்களின் பயணங்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் மிதிவண்டியில் நிகழ்கின்றன.

அப்பாதைகளைப் பொறியாளர்கள் கட்டினார்கள். கட்டச் சொன்னவர்கள் பெற்றோர்கள். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். நம் மாநிலத்தில் 17,884 பேர். இத்தனை தாய்மாரின் கண்ணீருக்குப் பின்னும் நாம் வாளாவிருக்கலாமா?

சட்டமும் திருச்சபையும்

சட்டம் நம்மிடம் இல்லாமலில்லை. நடைபாதையிலும் மிதிவண்டிக்கென ஒதுக்கிய பாதையிலும் மோட்டார் வண்டி ஓட்டலாகாது என்பது 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே உண்டு. 2017இல் வந்த புதிய விதிகளும் அதனையே வற்புறுத்துகின்றன. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஒருவர் சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், உச்சநீதிமன்றம் 2025 மே திங்களில் ஆணையொன்று பிறப்பித்தது. தடையற்ற நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று அது தெளிவாக்கியது. நடப்பவர்க்கு உள்ள அந்நியாயம் மிதிப்பவர்க்கும் பொருந்துமன்றோ?

நம் திருச்சபையும் இதில் மௌனம் சாதிக்கவில்லை. இத்தாலியில் கோமோ ஏரிக்கு அண்மையில் குன்றின்மேல் கோவில்கொண்ட கிசால்லோ அன்னையை, மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக 1949இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தார். 2007 ஜூன் திங்களில், பயணிகளின் மேய்ப்புப்பணிக்கான திருப்பீட அவை சாலையைக் குறித்துத் தனி ஏடு ஒன்றையே வெளியிட்டது. வண்டியோட்டிகளுக்கென அதில் பத்துக் கட்டளைகள் உண்டு. கொலை செய்யலாகாது என்பதே அவற்றுள்ளும் முதலாவது. காரை அதிகாரத்தின் சின்னமாகவும் பாவத்தின் வாய்ப்பாகவும் ஆக்கிக்கொள்ளலாகாது என்பது ஐந்தாவது. சாலையில் வலுக்குறைந்தவரைக் காக்க வேண்டும் என்பது ஒன்பதாவது. பத்தில் மூன்றையாவது நம் கார்க் கண்ணாடியருகே தொங்கும் செபமாலையோடு சேர்த்து மனத்தில் தொங்கவிட்டுக்கொள்ளலாம்.

அதற்கும் நெடுங்காலம் முன்னரே, இணைச்சட்ட நூல் - முன்னாளில் உபாகமம் என்போம் - பிறனுடைய எல்லைக்கல்லைப் பெயர்ப்பவனைச் சாபத்துக்கு உரியவன் என்கிறது. அக்காலத்தில் எல்லைக்கல்லைப் பெயர்ப்பவன் இரவில் கடப்பாரையோடு வருவான். இக்காலத்தில் நாம் பட்டப்பகலில், திருவிவிலியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வெள்ளைக்கோட்டின்மேல் காரை ஏற்றிவிட்டு இறங்குகிறோம்.

மலைப்பாதையின் நீதி

விழுந்த பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே சென்றேன். தந்தை கல்வராயன் மலையில் பிறந்தவர். கரும்பு வெட்டும் வேலைக்காக அடிவாரத்தில் வந்து குடியேறியவர். நான் நடந்ததைச் சொல்லிப் பொறுத்தருளக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்:

“மலையிலே பாதை ஒத்தையடிதாங்க. எதிரும் புதிருமா ரெண்டு பேரு வந்தா ஒருத்தரு ஒதுங்கித்தான் ஆகணும். சும்மா வர்றவருதான் ஒதுங்கி நிப்பாரு; சொமை தூக்கி வர்றவரு நேரா போவாரு. எங்க அப்பாரு காலத்திலேருந்து அப்படித்தாங்க.”

பள்ளிக்கூடத்தின் உயரிய வகுப்புகளையும், மறைக்கல்வியின் அத்தனை பாடங்களையும் படித்த எனக்கு, சாலை விதி அன்றுதான் விளங்கிற்று. சுமையற்றவன் ஒதுங்க வேண்டும். சுமை தூக்கியவனுக்கு வழிவிட வேண்டும். காரில் அமர்ந்திருக்கும் எனக்கு இயந்திரம் உழைக்கிறது. நான் சும்மா வருகிறவன். மிதிவண்டியில் வரும் பிள்ளை தன் கால் வலிமையால் தன்னையும், தன் புத்தகங்களையும், தன் குடும்பத்தின் எதிர்காலத்தையும் சுமந்து வருகிறாள். ஒதுங்க வேண்டியவர் யார்?

நாம் செய்யத்தக்கவை

முதலாவது: ஞாயிறன்று கோவிலுக்கு வரும் வண்டிகள் யாவும் வளாகத்தினுள்ளேயே நிற்கட்டும். இடம் போதாவிடில் அண்டையிலுள்ள பள்ளி மைதானத்தைக் கேட்டுப் பெறலாம். பங்கின் இளைஞர்கள் இருவர் முறைவைத்து வாயிலில் நின்று வழிகாட்டினால், சாலையோரம் தானே விடுபடும். எங்கள் கோவிலில் இதைத் தொடங்கிவிட்டோம். பூசை முடிந்து வெளியேறப் பத்து நிமிடம் கூடுதலாகிறது; அந்தப் பத்து நிமிடத்தில் அண்டை வீட்டாரோடு பேச வாய்ப்பும் கிடைக்கிறது.

இரண்டாவது: பள்ளிகளை அடையும் சாலைகளில், பிள்ளைகள் செல்லும் ஓரத்தைக் கல் நட்டுப் பிரித்துத் தருமாறு நகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் மனு எழுதுங்கள். தனியொருவர் மனு அலமாரியில் உறங்கும். இருநூறு பெற்றோர் கையெழுத்திட்டது எளிதில் உறங்காது. சமயம் பாராது அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாலையில் விழும் பிள்ளைக்குச் சமயம் ஏது?

மூன்றாவது: கார்க் கதவைத் திறக்குமுன் பின்னால் மிதிவண்டி வருகிறதா என்று திரும்பிப் பாருங்கள். நெரிசலில் ஸ்கூட்டரை ஓரத்தில் ஏற்றிக் குறுக்கு வழி தேடும் நம் இளைஞரை அன்போடு தடுங்கள். உங்கள் பிள்ளைக்கும் இடப்பக்கமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்லவும், இருட்டியபின் விளக்கோடு செல்லவும் கற்றுக்கொடுங்கள்.

அந்தப் பிள்ளையின் காயம் ஆறிவிட்டது. இப்போதும் ஞாயிறுதோறும் அதே வழியில் தனிவகுப்புக்குச் செல்கிறாள். கோவில் வாயிலைக் கடக்கும்போது என்னைக் கண்டால் ஒரு கையைத் தூக்கி மணியடித்துவிட்டுப் போகிறாள். வெள்ளைக்கோட்டிற்கு அப்பால், தனக்குரிய ஓரத்தில், நேராகப் போகிறாள்.

அவள் போகும் வழியை யாரும் அடையாதிருக்க, கிசால்லோ அன்னை நமக்காக வேண்டிக்கொள்வாராக. அடுத்த திங்கள் சந்திப்போம்.